ஆர் காசு?

மருதனார்மடத்தில் வளர்ந்த எனக்குப் பாட்டு வரவில்லை. காது மட்டும் வந்தது. அதற்குக் காரணம் இராமநாதன் வளவு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்பிள்ளைகளுக்கென்று இங்கே கல்லூரி கட்டினார். அவர் 1930இல் காலமானார். 1960இல் அவருடைய மருமகன் சு. நடேசபிள்ளை சங்கீதக் கல்லூரியை ஆரம்பித்தார். மகாராஜபுரம் சந்தானம் தமிழ்நாட்டிலிருந்து வந்து அதிபராக இருந்தார். செல்வக் குடும்பமொன்று நினைத்ததால் ஒரு கிராமத்துக்கே சுருதி கிடைத்தது. (முஸ்லிம்களின் இனத்துவம் பற்றி இராமநாதன் 1888இல் சொன்னதை இவ்விதழின் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பின் பக்கமே நானும். அந்த வழக்கு வேறு, இங்கே எடுக்கவில்லை.)

என் அக்காவின் மகள் அந்த வளவில் வாய்ப்பாட்டுப் படித்து, பின்னர் சங்கீத ஆசிரியையானவள். சில வருடங்களுக்கு முன் ஒருநாள் கால் விறைக்கிறது என்றாள். மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் 'கில்லன் பாரே' என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி அதன் நரம்புகளையே தாக்கும் நோய். பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். நுரையீரலில் பழுதில்லை, ஆனால் மூச்சை இழுக்கும் தசைகளுக்கு நரம்பின் கட்டளை போய்ச் சேராது.

வைத்தியர் செய்த சோதனை ஒன்று எங்கள் வகுப்பறைக்குரியது. ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுவீர்கள்? முதல்நாள் 28. மறுநாள் 19. அன்றிரவு 11. தார ஸட்ஜத்தில் அசையாமல் நிற்கிற பிள்ளை பதினொன்றில் நின்றாள். "மாமா, காத்துக் காணாது" என்றதுதான் கடைசிப் பேச்சு. பிறகு குழாய், இயந்திரம். இரண்டு கிழமையால் தொண்டையில் துளை.

அறிவு தெளிவாக இருக்கும், அசையமுடியாது. அதுதான் இந்த நோயின் கொடுமை. நான் மட்டையொன்றில் உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் எழுதிக்கொண்டு போனேன். விரலை ஓட்டுவேன்; சரியான இடத்தில் கண்ணை மூடுவாள். மெய்க்கொரு தரம், உயிருக்கொரு தரம். தமிழ் நெடுங்கணக்கு இப்படியும் உதவும் என்று பயிற்சிக் கலாசாலையில் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. அரைமணித்தியாலத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி: ஆர் காசு?

அரசாங்க ஆஸ்பத்திரி, பில் இல்லை என்றேன். அவளுக்கு ஆறுதல். எனக்குத்தான் அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது.

மூச்சும் ஒருகாலத்தில் வள்ளல் கொடுத்த பொருள்தான். கார் செய்து செல்வரான நஃபீல்ட் பிரபு 1938இல் ஓர் அறிவிப்புச் செய்தார். அவுஸ்திரேலியர் எட்வர்ட் போத் ஒட்டுப்பலகையால் ஆக்கிய சுவாசப் பெட்டியைத் தன் தொழிற்சாலையில் செய்வித்து, பிரித்தானிய சாம்ராச்சியத்தில் கேட்கும் ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகத் தருவேன் என்றார். 1,700க்கு மேல் கொடுத்தார். நோயாளியின் தலை மட்டும் வெளியே இருக்கும். பெட்டிக்குள் அழுத்தம் குறையும்போது நெஞ்சு விரியும். ஆனால் 1952இல் கொப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது, நோயாளரைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் முழு உடம்பையும் கொள்ளும் பெட்டி ஒன்றே ஒன்று இருந்தது. பியோர்ன் இப்சன் என்ற மயக்கமருந்து வைத்தியர் தொண்டைத் துளைக்குள் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்த வழிகாட்டினார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாக அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்துதான் வளர்ந்தது. நஃபீல்டின் பெயர் நிற்கிறது. அந்தக் கைகளின் பெயர்களை யார் அறிவார்?

சீதக்காதியை 'செத்தும் கொடுத்தவர்' என்று சொல்லும்போதெல்லாம் எனக்குச் சின்ன நெருடல். சீறாப்புராணத்தைப் பாடத் தூண்டியவர் அவர் என்பது மரபு. அவர் மறைந்ததும் உமறுப்புலவரைத் தாங்கியவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். நூலுக்குள் வாழ்த்தப்படுபவரும் அவரே. அப்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு அதில் முழுமையாக அமையவில்லை. மிச்சத்தைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடவேண்டி வந்தது. கொடையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டப்பட்ட கொடை, இடையில் மின்சாரம் நின்ற இயந்திரம் மாதிரி. பக்கத்தில் இன்னொரு கை இருக்கவேண்டும். மருதனார்மடத்துச் சங்கீதக் கல்லூரிக்கு அந்தக் கை 1975இல் கிடைத்தது. யாழ்ப்பாண வளாகம் அதைப் பொறுப்பேற்றது. குடும்பத்தின் தயவாக இருந்தது படிக்க வருகிறவரின் உரிமையாயிற்று. என் மருமகள் அங்கே படித்ததும் அப்படித்தான். இயந்திரம் அவளுக்குக் கிடைத்ததும் அப்படித்தான்.

இயந்திரத்திலிருந்து ஆளைப் பிரிப்பதும் ஒரேயடியாக நடப்பதில்லை. முதலில் பத்து நிமிடம் கழற்றினார்கள். மூச்சு வாங்கியது, திரும்பப் பூட்டினார்கள். அடுத்தநாள் அரைமணி. ஒரு கிழமைக்குப் பிறகு ஒரு பகல் முழுவதும். இராக்காவல் தாதி பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். எங்கள் சொந்தமுமில்லை, ஊருமில்லை.

இப்போது அவள் திரும்பப் படிப்பிக்கிறாள். நீண்ட கார்வை வரும் இடத்தில் தான் நிறுத்திவிட்டு, வகுப்பில் மூச்சுள்ள பிள்ளை ஒன்றைப் பிடிக்கச் சொல்கிறாள்.