எதிர்ப்பதிவு

2019 ஜூனில் அப்பா சென்னைக்கு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரோடு என் பின்னால் வந்து நின்று மடிக்கணினியை எட்டிப் பார்த்தார். கறுப்புத் திரை. இடப்பக்கம் தலைப்புகள், வலப்பக்கம் தொகைகள். படம் இல்லை, பொத்தான் இல்லை.

“என்னது, பேரேடா?” என்றார்.

விருதுநகரில் ஒரு கமிஷன் மண்டியில் முப்பத்தோரு வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். மல்லி, வத்தல், உளுந்து என்று மூட்டை மூட்டையாக ஏறி இறங்கியதையெல்லாம் அவர் பார்த்தது தாளில்தான். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் அந்தத் திரையைப் பார்த்த மாத்திரத்தில் அது இன்னதென்று தெரிந்துவிட்டது.

நான் வைத்திருப்பது ஹெச்லெட்ஜர் என்ற இலவச நிரல். ஜான் வீக்லி 2003இல் எழுதிய லெட்ஜர் என்ற நிரலைப் பின்பற்றி, சைமன் மைக்கேல் 2007இல் தொடங்கியது. கணக்கு முழுவதும் ஒரே ஓர் எழுத்துக் கோப்பில் இருக்கும். அதை எந்த எடிட்டரிலும் திறக்கலாம், நிரல் நாளைக்கே காணாமல் போனாலும் கோப்பைப் படிக்கலாம். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

2019-06-01 அப்பாவுக்கு
    செலவு:வீடு    ₹8,000
    சொத்து:வங்கி

இரண்டாவது வரியில் தொகை எழுத வேண்டியதில்லை. எட்டாயிரம் ஓரிடத்துக்குப் போனால் இன்னோரிடத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நிரல் தானே போட்டுக்கொள்ளும். தலைப்புக்கும் தொகைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும். ஒன்று விட்டால் தொகையையும் தலைப்பின் பெயரில் சேர்த்துக்கொண்டு விழிக்கும். இதற்காக நான் இழந்த மாலைகள் அநேகம். தலைப்புகளைத் தமிழில் வைத்தால் இன்னொரு கூத்து. டெர்மினலில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும், தொகைகள் நேர்வரிசையில் வராது. ‘சொத்து’ எது, ‘கடன்’ எது என்று கோப்பின் தலையிலேயே ஒருமுறை சொல்லியும் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் வைத்தால் அதற்கே புரியும். ஆனாலும் கணக்கை இங்கிலீஷில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தக் கோப்பைப் புரட்டிப் பார்க்க ஒரு துணை நிரல் உண்டு. அதைத்தான் அன்று திறந்து வைத்திருந்தேன். அம்புக்குறியால் கீழே இறங்கி எண்டரை அழுத்தினால் அந்தத் தலைப்பின் பக்கம் விரியும், மறுபடி அழுத்தினால் தனிப்பதிவு. லட்சத்துக்கு நம் மாதிரியே கமா போடச் சொன்னால் போடும். அப்பாவுக்கு அது பிடித்தது. பிறகு விரலை வைத்துக் கேட்டார்.

“சம்பளத்துக்கு எதுக்குய்யா மைனஸ்?”

நான் மாதக்கணக்கில் குழம்பிய இடம் அது. வருமானம், கடன் எல்லாம் இதில் கழித்தல் குறியோடுதான் வரும். எல்லாத் தலைப்பையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும் என்பதால் அப்படி. இதை எப்படி விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள் அவரே சொன்னார்: “ஓ, அவன் குடுத்தவன். குடுத்தவனுக்கு வரவு, வாங்குனவனுக்குப் பற்று.”

‘உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்று வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறதே, அது வங்கியின் புத்தகத்தில் இருப்பது. நான் கொடுத்தவன், ஆகவே எனக்கு வரவு. அவர்களுக்கு அது தர வேண்டிய கடன். என் புத்தகத்தில் அதே பணம் எதிர்ப்பக்கம், சொத்தாக நிற்கும். லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலில் இரட்டைப் பதிவு முறையை விவரித்தார் என்பார்கள். அவர் கண்டுபிடித்தது இல்லை, அங்கே வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததுதான். அதைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். மண்டையில் ஏறியது என்னவோ அன்றைக்குக் காபி ஆறுவதற்குள்தான்.

அப்பா இன்னும் இரண்டு வரி கீழே போகச் சொன்னார். “இது என்ன தலைப்பு?”

“வீட்டுக்கு அனுப்புறது.”

“செலவுலயா இருக்கு?”

“ஆமா.”

“ம்,” என்றார். டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

2022 ஜனவரியில் அப்பா இறந்தார். காரியமெல்லாம் முடிந்தபின் அம்மா பீரோவிலிருந்து நோட்டுகளை எடுத்துப் போட்டாள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கம் பிள்ளையார் சுழி, உள்ளே வீட்டுக் கணக்கு. மண்டியில் எழுதிய அதே முறை. பால்காரர், பத்திரிகை, சீட்டு என ஆளாளுக்கு ஒரு பக்கம். 2014 நோட்டில் என் பெயருக்கும் ஒரு பக்கம் இருந்தது.

ஜூலை 3, மகன் வரவு 8,000. ஆகஸ்ட் 2, மகன் வரவு 8,000.

அப்படியே போகிறது. வருஷக் கடைசியில் மீதியை இறக்கி அடுத்த நோட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். 2021 டிசம்பர்வரை தொண்ணூறு மாதம், ₹7,20,000. நான் கணக்கு எழுத ஆரம்பித்தது 2016 ஜனவரியில் என்பதால் என் கோப்பில் அதில் ₹5,76,000தான் உண்டு. மீதி பதினெட்டு மாதத்தை நானே மறந்திருந்தேன்.

எதிர்ப்பக்கத்தில் பற்று. பேத்தி கொலுசு. ஊரில் போட்டுவிட்டு வந்த என் பைக்குக்கு இன்சூரன்ஸ். குலதெய்வக் கோயிலுக்கு என் பெயரில் தலைக்கட்டு வரி. பேத்தி முதல் பிறந்தநாளுக்கு என் கையில் திணித்த ஐயாயிரம். அந்த ஐயாயிரத்தை நான் ‘வருமானம்:அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தேன். அவர் எழுதியிருந்தது, மகன் பற்று 5,000. கடனில் ஒரு பகுதி அடைந்தது என்று அர்த்தம். பற்று மொத்தம் ₹1,84,500. கடைசி நோட்டில் அவர் கையால் இறக்கிய மீதி ₹5,35,500.

அதாவது நான் செலவு என்று எழுதித் தீர்த்ததை, அவர் எனக்குத் தர வேண்டியதாக ஏழரை வருஷம் சுமந்திருக்கிறார். திரையில் பார்த்துவிட்டு ஒரு ‘ம்’மோடு போன மனுஷன்.

சென்னைக்குத் திரும்பி வந்து அந்தப் பக்கம் முழுவதையும் உட்கார்ந்து ஏற்றினேன். பத்து நாள், ராத்திரி மட்டும். ஒரு மாதத்து வங்கி இருப்பை நாம் எழுதிவைத்தால், கூட்டல் அதோடு பொருந்தாதபோது நிரல் அந்த இடத்திலேயே நின்று, பிழை எந்த வரியில் என்று காட்டும். அப்படி இடித்த ஓரிடத்தில் வங்கி குறுஞ்செய்திக்காக எடுத்த ₹17.70 அகப்பட்டது. அது எளிது. எழுதினால் தீர்ந்தது. அப்பாவின் ஐந்து லட்சத்து முப்பத்தைந்தாயிரத்து ஐந்நூறை எந்தத் தலைப்பில் வைப்பது?

முறைப்படி பார்த்தால் செலவிலிருந்து எடுத்து ‘வரவேண்டியவை:அப்பா’ என்று சொத்துப் பக்கம் மாற்ற வேண்டும். மாற்றினால் அடுத்த கேள்வி வரும். தர வேண்டியவர் இல்லை, ஆகவே வாராக்கடன். ஒரு ராத்திரி அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து, அப்பா பெயருக்குப் பக்கத்தில் அது நிற்பதைப் பார்த்துவிட்டு அழித்தேன்.

பழையபடி செலவிலேயே விட்டுவிடலாம். கணக்கு இடிக்காது, எந்த நிரலும் குறை சொல்லாது. ஆனால் அவர் நோட்டு பொய்யாகிவிடும்.

அம்மாவிடம் போனில் கேட்டேன். “அது கணக்குப்பிள்ளை புத்திய்யா. அவருக்கு ஒரு காசு உள்ள வந்தா யாரு குடுத்தான்னு எழுதாம இருக்க முடியாது. கடன்னு நெனச்சிருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்க மாட்டாரா?”

இருக்கலாம். மண்டிப் பேரேட்டில் அன்பளிப்புக்குப் பக்கம் கிடையாது. பணம் வந்தால் கொடுத்தவன் பெயர், அவ்வளவுதான். ஆனால் தலைக்கட்டு வரியையும் கொலுசையும் பற்று எழுதிக் கழித்தாரே, அது வெறும் பழக்கமா? ஒவ்வொரு டிசம்பரும் மீதியை இறக்கும்போது அந்தத் தொகையைப் பார்த்து என்ன நினைத்தார்? இரண்டு விதமாகவும் எனக்குத் தோன்றுகிறது. காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று.

ஆள் தெரியாத, விவரம் தெரியாத தொகைகளுக்குக் கணக்கில் ஓர் இடம் உண்டு: அனாமத்து. விளங்கியதும் உரிய தலைப்புக்கு மாற்ற வேண்டும் என்பது விதி. அப்போதைக்கு அங்கே கொண்டுபோய் வைத்தேன். உறுதியாகாத பதிவு என்பதற்கு அடையாளமாக ஓர் ஆச்சரியக்குறியும் போட்டேன். துணை நிரலில் ‘பி’ விசையை அழுத்தினால் அந்தக் குறி உள்ள பதிவுகள் மட்டும் தெரியும். என்னிடம் ஒன்றே ஒன்றுதான்.

இப்போது அம்மாவுக்கு அனுப்புகிறேன். போன மாதம் அனுப்பிவிட்டு, இதை என்னவென்று எழுத என்று அவளையே கேட்டேன்.

“எதுக்குய்யா எழுதணும்? நான் உனக்கு அரிசி அனுப்புறதெல்லாம் எழுதியா வச்சிருக்கேன்?”

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அவள் அப்பா வழி நிலத்திலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூட்டை வரும். அப்பாவின் எந்த நோட்டிலும் அது இல்லை. என் கோப்பிலும் இல்லை.

“எழுதாம விட்டா பேங்க் இருப்பு இடிக்கும்மா.”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. குக்கர் விசில் மட்டும் கேட்டது.

“அப்ப அரிசின்னு எழுதிக்க.”