ஒரு சொட்டு

ஐம்பது நாள் குழந்தைக்குக் கண் மருந்து விட மூன்று பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் கைகளைப் பிடிக்க, ஒருவர் சொட்டு விட. மூன்று பேர் சேர்ந்து முயன்றாலும் முதல் சொட்டு காதுக்குள்தான் போகும்.

பாப்பா அப்போது சிதம்பரத்தில் இருந்தாள். தலைப்பிரசவம், தாய் வீடு. நான் கடலூரில் அப்பா அம்மாவோடு இருந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை கடைசி மீட்டிங் முடிந்ததும் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறுவது வழக்கம். அந்த வாரம் புதன்கிழமையே போன் வந்துவிட்டது. "வலது கண்ணத் தொறக்கவே முடியலங்க. பீளை கட்டி ஒட்டிக்கிச்சு." ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்று நின்று போனது. நான் போனில் தேடித் தேடிப் பயத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது வீட்டில் இரண்டு வைத்தியங்கள் தயாராக இருந்தன. ஒன்று மனைவியின் ஆயாவுடையது: தாய்ப்பால். "ரெண்டு சொட்டு பீய்ச்சி விட்டாப் போதும் தம்பி. எங்க அஞ்சு பேருக்கும் அதான்." மற்றது மாமா மெடிக்கலில் வாங்கி வந்த குட்டிப் பாட்டில். சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. "குழந்தைக்குக் கண்ணு" என்று சொன்னதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். லேபிளைப் படித்தேன். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோனும் இருந்தது. அது ஸ்டீராய்டு. சிவப்பை வேகமாகக் குறைக்கும். பார்ப்பவர்களுக்குக் கண் சரியானது போலத் தெரியும். கிருமி ஹெர்பீஸ் வகையாக இருந்தால் அதே மருந்து கருவிழியைத் தின்னவிடும். தொடர்ந்து விட்டால் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறும். பெரியவர்களுக்கு மங்கலாகத் தெரிந்தால் வாய்விட்டுச் சொல்வார்கள். பாப்பாவுக்கு அழ மட்டும்தான் தெரியும், அதையும் பசிக்கு அழுவது போலவேதான் அழுவாள். பாட்டிலை உடைக்காமல் அப்படியே அலமாரி மேல் வைத்தேன். மாமாவுக்கு முகம் சுருங்கியது. நூற்றைம்பது ரூபாய்.

பச்சைக் குழந்தையின் கண்ணை மருத்துவர்கள் இத்தனை பயத்தோடு பார்ப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் குழந்தைகள் பார்வையிழக்க முக்கியக் காரணங்களில் ஒன்று, பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா. லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரெடே 1880இல், பிறந்த குழந்தையின் ஒவ்வொரு கண்ணிலும் 2 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஒரு சொட்டு விடத் தொடங்கினார். அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்துக் குழந்தைகள்வரை வந்துகொண்டிருந்த நோய் ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒரே ஒரு சொட்டு. இன்றைக்கும் பிறந்து ஒரு மாதத்துக்குள் கண்ணில் சீழ் வந்தால் அது அவசரம்தான். சில கிருமிகளுக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது, ஊசியோ வாய்வழி மருந்தோ வேண்டியிருக்கும்.

பாப்பா அந்த ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தாள். கண் மருத்துவர் கருவிழியைப் பார்த்துவிட்டு, மூக்கோரம் கண்ணின் உள்மூலையில் விரலால் மெல்ல அழுத்தினார். அங்கிருந்து சீழ் மேலே வந்தது. "டியர் டக்ட் அடைப்பு. கண்ணீர் மூக்குக்கு இறங்குற குழாய் இன்னும் தொறக்கல. தேங்குற தண்ணியில கிருமி வளருது." வடிகால் அடைத்தால் தெருவில் என்ன நடக்குமோ அதுதான். மழைக்காலக் கடலூர்க்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தொற்றுக்குச் சொட்டு மருந்து, அடைப்புக்கு மசாஜ்: சுண்டுவிரலால் மூலையிலிருந்து மூக்கோரமாகக் கீழ்நோக்கி அழுத்தி இழுக்க வேண்டும். கிரிக்லர் என்ற அமெரிக்க மருத்துவர் 1923இல் எழுதி வைத்த முறை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் குழாய் தானாகத் திறந்துவிடுமாம்.

பாட்டிலின் முனை கண்ணிலோ விரலிலோ படக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2023இல் தெரிந்தது. சென்னைக்கு அருகே தயாராகி அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் தொற்றில் அங்கே 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், பதினான்கு பேர் பார்வை இழந்தார்கள். அது நோய்க்கான மருந்துகூட அல்ல, வெறும் ஈரம். கண்ணுக்குள் போகிற எதுவும் கிருமியில்லாமல் இருக்க வேண்டும். தாய்ப்பாலில் நோயெதிர்ப்புப் பொருட்கள் இருப்பது உண்மை. கிருமிகள் இருப்பதும் உண்மை.

இதை ஆயாவிடம் சொன்னேன். அவர் தில்லை மரத்தைப் பற்றிச் சொன்னார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம், கோயிலின் தல மரம். இப்போது பார்க்க வேண்டுமென்றால் பிச்சாவரம் சதுப்புக் காட்டுக்குப் போக வேண்டும். கிளையை ஒடித்தால் வடிகிற பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போய்விடும். ஆயாவின் அண்ணனுக்கு விறகு வெட்டும்போது அப்படிப் பட்டதாம். "அந்தப் பால் கண்ணக் கெடுத்துச்சு, இந்தப் பால்தான் குடுத்துச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளத்தாச்சி பீய்ச்சி விட்டா." இதற்கு நான் என்ன ஆய்வுக் கட்டுரையைக் காட்டுவது?

சொட்டு விடும் வேலை மட்டும் நடக்கவே இல்லை. இமையைப் பிரித்தால் பாப்பா இன்னும் இறுக்கி மூடினாள். கணக்கு வேறு எனக்குக் கடுப்பேற்றியது. பெரியவர் கண்ணிலேயே 30 மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் இடம். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டோ சுமார் 40. அதாவது ஒழுங்காக விழும் ஒரு சொட்டே கண்ணை நிரப்பி வழியும். எங்கள் வீட்டில் ஒரு வேளைக்கு ஆறு சொட்டு செலவாகிக்கொண்டிருந்தது, ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

அப்போது ஆயா தரையில் கால் நீட்டி உட்கார்ந்தார். "இங்க குடு." குளிப்பாட்டுவதற்குப் போடுகிற மாதிரி இரண்டு காலுக்கும் நடுவில் பாப்பாவை மல்லாத்திப் போட்டார். தலை கணுக்கால் பக்கம் பள்ளத்தில் அமர்ந்தது. இந்தப் பக்கமும் திரும்ப முடியவில்லை, அந்தப் பக்கமும் முடியவில்லை. கைகளை ஒரே உள்ளங்கையில் அடக்கிக்கொண்டார். "கண்ண நோண்டாத. மூக்கோரத்துல விட்டுட்டு சும்மா இரு. அதுவாத் தொறக்கும்." மூடிய கண்ணின் உள்மூலையில் ஒரு சொட்டு விட்டேன். முத்து மாதிரி நின்றது. பாப்பா முறைப்பாக இரண்டு நொடி யோசித்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள். சொட்டு காணாமல் போனது. குழந்தைகளுக்கு இப்படித்தான் விடச் சொல்வார்கள் என்று அடுத்த முறை மருத்துவரும் சொன்னார்.

ஐந்து நாளில் பீளை நின்றது, நீர் வடிவது நிற்கவில்லை. மசாஜ் தொடர்ந்தது: ஒரு நாளைக்கு நான்கு வேளை, வேளைக்குப் பத்து இழுப்பு. ஆயா சத்தமாக எண்ணுவார், சில நாள் பன்னிரண்டு வரை போவார். பாதிக்கு மேல் மீதியிருந்த மருந்தை, திறந்து ஒரு மாதமானதும் நான் தூக்கிப் போட்டபோது, "நல்லாத்தானே இருக்கு தம்பி" என்று குப்பைக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் மாதம் குழாய் திறந்தது. கிரிக்லர் என்றேன் நான். ஆயா என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். இடையில் எத்தனை முறை பால் விட்டார்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை.