துப்பாக்கிக் கட்டைக்கு எந்த மரம்?

பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி வைத்திருக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கியின் கட்டை பிளந்துவிட்டது, புதுக் கட்டைக்கு எந்த மரம் நல்லது என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இதே வேலை எனக்கும் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

எங்களுடையது குழல் வாயில் மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. அப்பா காலத்தது. அவருக்குப் பிறகு வாரிசு என்று விண்ணப்பித்து உரிமத்தை என் பெயருக்கு வாங்கினேன். வானூர்ப் பக்கம் மல்லாட்டை போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காய் முற்றுகிற நேரத்தில் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாய் உழுதுவிட்டுப் போய்விடும்.

கட்டை எப்போதும் கழுத்தில்தான் பிளக்கும். கை பிடிக்கிற அந்த இடம்தான் எல்லாவற்றிலும் மெல்லிசு. பசை தடவிக் கம்பி சுற்றினால் போதும் என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். கேட்காதீர்கள். வெடிக்கும்போது பின்னால் வருகிற உதை முழுவதும் அந்தக் கழுத்து வழியாகத்தான் தோளுக்கு இறங்குகிறது. உங்கள் முகம் அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

மரம் என்றதும் எல்லோர் வாயிலும் தேக்குதான் வரும். கரையான் அரிக்காது, உண்மை. ஆனால் நம் ஊரில் யாராவது மண்வெட்டிக்குத் தேக்குக் காம்பு போடுகிறார்களா? அடி தாங்காது, நார் வழியே விட்டுப்போகும். சவுக்கு நம் பக்கம் கொட்டிக் கிடக்கிறது. இறுக்கமும் உண்டு, ஆனால் காயக் காய வெடிக்கும். ஈட்டி கனம், விலையும் கைக்கு எட்டாது. வேம்பு பரவாயில்லை, நன்றாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வடக்கே தொழிற்சாலைத் துப்பாக்கிகளுக்குக் காஷ்மீர் வால்நட் மரம் போடுவார்கள். அது நமக்கு எங்கே கிடைக்கும்?

நான் பூவரசைத் தேர்ந்தேன். வண்டிக்கும் படகுக்கும் போட்ட மரம். துப்பாக்கிக் கட்டைக்கும் பழைய காலத்திலிருந்தே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நார் நெருக்கமாக இருக்கும், லேசில் பிளக்காது. வெளிப்பக்கத்து வெளுப்பு வேண்டாம். நடுவில் இருக்கும் பழுப்பு வைரம்தான் வேண்டும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் எங்கள் கிணற்று மேட்டுப் பூவரசு சாய்ந்தது. அன்றைக்கு அறுத்து அட்டத்தில் போட்ட பலகை கைவசம் இருந்தது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது ஆசாரிமார் கணக்கு. "இதைவிடக் காய்ந்த மரம் வேணும்னா திருவக்கரைக்குத்தான் போகணும்" என்று ஆசாரி சிரித்தார். அங்கே கிடப்பது இரண்டு கோடி வருடமாகக் காய்ந்து கல்லாகிப்போன மரம்!

பலகையில் நார் ஓடுகிற போக்கைப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் அது நீளவாக்கில், குழலோடு சேர்ந்து ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் எந்த மரமானாலும் பிளக்கும். முடிச்சு கூடாது.

அடுத்து நீளம். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரல் குதிரையில் வசதியாகப் படிய வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி வரும். எனக்கு பதின்மூன்றரை. அப்பாவின் கட்டை எனக்கு எப்போதுமே நீளம்தான். குழலின் பின்வால் மரத்தில் பதிகிற இடத்தில், வாலுக்குப் பின்னால் ஒரு காகிதக் கன இடைவெளி விடச் சொல்லுங்கள். இறுக்கி அடித்தால் ஒவ்வொரு வெடிக்கும் ஆப்பு இறங்குவதுபோல் இறங்கி மரத்தைப் பிளக்கும். என் பழைய கட்டை அப்படித்தான் போனது என்று பழுது பார்த்தவர் காட்டினார்.

ஃபைபர் கட்டை வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். மழைக்கு நல்லதுதான். ஆனால் அது தொழிற்சாலை மாடல்களின் அளவுக்கு வருவது, நாட்டுத் துப்பாக்கியில் உட்காராது. கனம் குறைந்தால் தோளில் உதையும் கூடும்.

யார் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பழுது பார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஊர் ஆசாரி எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் துப்பாக்கியை அவரிடம் கொடுக்கக் கூடாது. எனக்குப் பலகையைப் பார்த்து அறுத்துத் தந்ததோடு அவர் வேலை முடிந்தது. உரிமம் உள்ள பழுது பார்ப்பவர்தான் மற்றதைச் செய்தார். நம் பக்கத்து ஆட்கள் ஒரு ஆணி வாங்கவும் புதுச்சேரிக்கு ஓடுவோம். துப்பாக்கியோடு அப்படி ஓட முடியாது. அது வேறு அரசு. உங்கள் உரிமத்தில் எழுதியிருக்கும் எல்லையை முதலில் படியுங்கள். எல்லைக்கு வெளியே போக வேண்டியிருந்தால் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். எனக்கு இதற்கே இரண்டு மாதம் அலைச்சல்.

"மயிலையும் சுட முடியாது, பன்றியையும் சுட முடியாது, இதுக்கு எதுக்குப்பா இவ்வளவு செலவு? ஒப்படைச்சிடுங்க" என்றான் மகன். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததும் விவசாயி சுடலாம் என்பதல்ல. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். நான் வெறும் மருந்து போட்டு வானம் பார்த்து வெடிக்கிறேன், அவ்வளவுதான். சத்தம் கேட்டால் அன்றைக்கு ஓடும், நாலாம் நாள் திரும்ப வரும். அந்த மூன்று ராத்திரித் தூக்கத்துக்கு என் கணக்கில் விலை உண்டு. மகன் கணக்கு வேறு. உரிமம் புதுப்பிக்கிற வருடம் வரும்போது மறுபடி பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

புதுக் கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம், உரிந்து தண்ணீரை உள்ளே விடும். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். ஐந்தாறு தடவை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். பிளந்த பழைய கட்டையையும் அடுப்பில் வைத்துவிட வேண்டாம். பழுது பார்ப்பவருக்கு அதுதான் அச்சு.