சிறிய வீட்டின் கணக்கு

பெரிய வீட்டை விற்றுச் சிறிய வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம், அவர்கள் கையில் நிறையப் பணம் மிஞ்சியிருக்கும் என்று நாங்கள் எண்ணியதுண்டு. நாங்களே அப்படிப் போக நேர்ந்தபோதுதான் அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்று தெரிந்தது. எங்களில் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் வீட்டிலேயே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர். ஆகவே இக்கட்டுரையின் சொற்கள் ஒருவருடையவை, எண்கள் மற்றவருடையவை.

திருவண்ணாமலையில் வேலூர் சாலைப் பக்கம், 2400 சதுர அடி மனையில் 2009இல் கடன் வாங்கி ஒரு மாடி வீடு கட்டினோம். மகள் படிப்புக்கு வெளியூர் போனபின் மாடி அறைகளில் தூசியைத் தவிர வேறொன்றும் குடியிருக்கவில்லை. அம்மாவுக்கு (எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு அத்தை) படியேற முடியவில்லை. கோவிலுக்குப் போக ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கடனில் 11 லட்சமும் கல்விக்கடனில் 9 லட்சமும் பாக்கி இருந்தன. மாதச் சம்பளம் வந்த மூன்றாம் நாளே பாதியாகிவிடும். 2024ஆம் ஆண்டின் கோடையில், விற்றுவிட்டுக் கோவிலுக்கு அருகே பழைய வீடொன்றைப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் பார்த்த வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. நல்ல திண்ணை, அகன்ற கூடம், விலையும் மலிவு. மூலப் பத்திரத்தைக் கேட்டபோதுதான் மலிவின் காரணம் விளங்கியது. கட்டடம் மட்டுமே விற்பவருடையது, அடிமனை கோவிலுடையது. தலைமுறைகளாகத் தரைவாடகை கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். கோவில் நிலத்தை ஆணையரின் அனுமதியின்றி விற்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ 1959ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டத்தில் 34ஆம் பிரிவு இடந்தராது. அத்தகைய மனைக்கு எந்த வங்கியும் கடன் தராது. கோவிலுக்கு அருகே என்று தேடினோம். கோவிலின் மேலேயே குடியிருக்கும்படி ஆகிவிடும் போலிருந்தது.

இரண்டாவது வீடு மலையடிவாரத்தில், சற்று ஏறிப்போகும் தெரு ஒன்றில் இருந்தது. 30 லட்சம் கேட்டார்கள். பட்டா சரியாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மலை. முன்பணம் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஃபெஞ்சல் புயலின் பெருமழையில், 2024 டிசம்பர் 1 அன்று, வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அவ்வாண்டு தீபத்தன்று மலையேற மக்களுக்கு அனுமதி தரப்படவில்லை. நாங்கள் பார்த்த வீடு அந்தத் தெருவில் இல்லை. ஆனால் அதே மலையின் அடியில்தான் இருந்தது. பத்து நாள் கழித்துத் தரகர் வந்து, 'இப்ப 24க்கே குடுத்துடுவாங்க சார்' என்றார். 24 லட்சம் என்றால் எங்களுக்குக் கடனே தேவைப்பட்டிருக்காது. அன்றிரவு அந்தக் கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், மலைவழியே போகும் கூத்தருக்குக் கவண்கல் பாயும் இடங்களைச் சொல்லி எச்சரிக்கிறது. அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். ஆனால் ஏழு பேர் புதைந்த பிறகுதான் மலை என்பது காட்சி மட்டுமன்று என்று எங்களுக்கு உறைத்தது. மறுத்துவிட்டோம்.

மூன்றாவது வீடு தேர் போகும் வீதிக்குப் பின்னால், ஆயிரம் சதுர அடி மனையில் நின்ற அறுபது எழுபது ஆண்டுப் பழைய வீடு. முன்கட்டு தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மெட்ராஸ் டெரஸ், பின்கட்டு நாட்டோடு. சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. 36 லட்சம் விலை. அதில் 24 லட்சத்தைப் பத்திரத்தில் எழுதி, 12 லட்சத்தை ரொக்கமாகத் தரவேண்டும் என்பது விற்பவரின் நிபந்தனை. வழிகாட்டு மதிப்பு 24 லட்சத்துக்குள்தான் இருந்தது. ஊரில் எல்லோரும் செய்வதுதான் என்று பத்திர எழுத்தர் முதல் உறவினர் வரை சொன்னார்கள்.

சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை 2015 முதல் சட்டம் தடுக்கிறது. பெற்ற தொகைக்குச் சமமான தண்டமும் உண்டு. அச்சம் ஒரு காரணம். இன்னொன்று, வாங்கிய விலையைக் குறைத்து எழுதினால் நாளை விற்கும்போது அந்த வேறுபாடும் நம் ஆதாயமாகவே கொள்ளப்படும். இவற்றையெல்லாம் விட, மாணவர் முன் நின்று அறத்துப்பால் நடத்துகிறவரின் கூச்சம் என்று ஒன்று இருக்கிறது. முழுத் தொகையையும் எழுதுவதானால் 38 லட்சம் என்றார் விற்பவர். ஒப்புக்கொண்டோம். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 24 லட்சத்துக்கு 2.16 லட்சம் ஆகியிருக்கும். 38 லட்சத்துக்கு 3.42 லட்சம் ஆயிற்று. விலையில் கூடிய 2 லட்சத்தையும் சேர்த்தால், உண்மையை எழுதியதற்கு நாங்கள் கொடுத்த தொகை 3.26 லட்சம்.

எங்கள் வீடு 72 லட்சத்துக்கு விலைபோனது. வாங்கியவரின் முன்பணத்தைக் கொண்டு வீட்டுக்கடனை அடைத்து, அடமானம் தீர்ந்த ரசீதைப் பதிவு செய்து, அது வில்லங்கச் சான்றில் ஏறிய பின்னரே கிரயம் நடந்தது. இரண்டு கடன்களும் போக 52 லட்சம். புதிய வீட்டுக்கும் பதிவுக்கும் போக 10.58 லட்சம். இரு பக்கமும் தரகு 1.10 லட்சம். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்கியவர் 1 விழுக்காடு, அதாவது 72,000 ரூபாயை, வருமான வரிக்காகப் பிடித்துச் செலுத்திவிட்டார். விற்ற ஆதாயத்தில் வேறு வீடு வாங்கியதால் மூலதன ஆதாய வரி எங்களுக்கு இல்லை. ஆனால் பிடித்த பணம் திரும்பி வரக் காத்திருக்க வேண்டும். ஆக, கையில் நின்றது 8.76 லட்சம். மேஸ்திரி போட்ட மதிப்பீடு 12 லட்சம். குறைந்தது 3.24 லட்சம். உண்மைக்குக் கொடுத்த தொகையும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே என்பதைக் கணக்கு பார்க்கிறவர் சொன்னபோது, மற்றவர் சிறிது நேரம் பேசவில்லை.

வங்கிக்குப் போனோம். மதிப்பீட்டாளர் மண்ணுக்கு விலை போட்டார். கட்டடத்துக்குச் சுழியம் போட்டார். பழுதுபார்க்கக் கடன் வேண்டுமானால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் வேண்டும் என்றார்கள். பாட்டன் காலத்து வீட்டுக்கு வரைபடம் ஏது? 2003 ஏப்ரலுக்குப் பின் பணியில் சேர்ந்ததால், மூத்த பேராசிரியர்களுக்குக் கைகொடுக்கும் பொது வருங்கால வைப்பு நிதி முன்பணமும் எங்களுக்கு இல்லை. புதுவீடு கட்டுகிறவனுக்குக் கடன் தேடி வருகிறது; இருக்கும் வீட்டைக் காப்பாற்ற நினைப்பவன் தன் நகையைத்தான் தேட வேண்டும்.

அம்மா தம் வளையல்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். 'எனக்கு எதுக்குப்பா இது, ஓட்ட மாத்துங்க' என்றார். வாங்க மனம் வரவில்லை. அவர் இரண்டு நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு மதிப்பீட்டுத் தாளை எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாக அடித்தோம். நீர் புகும் இடம், கழிவு போகும் இடம், மின்சாரம் ஓடும் இடம்: இம்மூன்றுக்கு மட்டும் இப்போது செலவு, கண்ணுக்குத் தெரியும் மற்றதெல்லாம் பிறகு. தரை ஓடு போயிற்று, சமையலறை மேடை போயிற்று, வாசல் கதவின் புதுப்பொலிவு போயிற்று. 'சிமெண்ட் பூசினா செவுரு மூச்சு விடாது சார், ஈரம் உள்ளயே நிக்கும்' என்று மேஸ்திரி சொன்னதால் சுவருக்குச் சுண்ணாம்பையே பூசினோம். 8.5 லட்சத்தில் முடியும் என்று தோன்றியது. மேல்தளத்தைக் கொத்தியபோது உத்திரம் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது தெரிந்தது. இரும்பு உத்திரம் மாற்ற இன்னும் ஒன்றரை லட்சம். அதற்கு அடகு வைத்தது எங்கள் நகையை. வரிப்பணம் திரும்பி வந்ததும் பாதியை அடைத்தோம். மீதியைச் சம்பளத்தில் கழித்தோம்.

வீடு என்ற சொல் விடு என்பதிலிருந்து வந்தது என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவருகிறோம். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். விடுவது இத்தனை செலவு பிடிக்கும் என்பதை மட்டும் நாங்கள் சொன்னதில்லை.

பின்கட்டு ஓடு இன்னும் மாற்றவில்லை. மழை பெய்தால் இரண்டு இடத்தில் வாளி வைக்கிறோம். சமையலறைச் சுவர் செங்கல் தெரிய நிற்கிறது. கையில் சேமிப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் மாதத்தின் மூன்றாம் நாளில் சம்பளம் முழுமையாக இருக்கிறது. அம்மா நடந்தே கோவிலுக்குப் போய்வருகிறார். 2025 டிசம்பர் 3 அன்று, இரும்பு உத்திரத்தின் மேல் நிற்கும் அந்த மொட்டைமாடிக்கு அவரைக் கைத்தாங்கலாக ஏற்றித் தீபம் பார்த்தோம். பார்த்துவிட்டு இறங்கும்போது, 'பின்னாடி ஓட்ட எப்ப மாத்துவீங்க?' என்று கேட்டார். வளையல் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.