இடுப்பில் ஏறும் பாரம்

ராயக்கோட்டை சாலையில் சானமாவு காடு தொடங்கியதும் ஓட்டுநர் வேனை மெதுவாக்கினார். ராகி முற்றும் பருவம். பன்னேர்கட்டா பக்கமிருந்து வரும் யானைகள் இந்தக் காட்டில்தான் தங்கும். வேனில் காலை ஷிப்டுக்குப் போகும் ஹவுஸ்கீப்பிங் பெண்கள். தங்களுக்குள் தெலுங்கும் கன்னடமும், என்னிடம் தமிழும் பேசினார்கள்.

அவர்கள் பெருக்கும் ஆலையில் துடைப்பம் குறைவு. முதுகில் மாட்டிக்கொள்ளும் வேக்குவம் கிளீனர்தான் பிரதானம். ‘முதுகு மிஷின்’ என்கிறார்கள். காலியாக இருக்கும்போதே ஐந்தாறு கிலோ. அதை எப்படி மாட்டுவது என்று பார்க்கத்தான் போனேன்.

மூத்தவரான அக்கா மிஷினைத் தரையிலிருந்து தூக்கவில்லை. மேஜை விளிம்பில் வைத்து, திரும்பி நின்று முதுகைக் கொடுத்தார். துப்பட்டா ஏற்கெனவே கோட்டுக்குள் போயிருந்தது. முதலில் இடுப்புப் பட்டை. லேசாகக் குனிந்து, இடுப்பெலும்புக்கு மேல் வைத்து இறுக்கினார். அதற்குப் பிறகே தோள்பட்டைகள். தோளுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தார். கடைசியில் நெஞ்சுப் பட்டை.

“தண்ணிக் குடத்த இடுப்புலதான சார் வெப்போம்? இதுவும் அப்படித்தான்.”

நான் மாட்டிப் பார்த்தேன். தோள்பட்டையை முதலில் இழுத்ததும் கழுத்து பின்னால் சாய்ந்தது. அக்கா எல்லாவற்றையும் தளர்த்தி, இடுப்பிலிருந்து மறுபடி தொடங்கினார். அதே மிஷின், பாதி எடை போலிருந்தது.

இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இடுப்புப் பட்டை தொங்கிக்கொண்டே இருக்க, எட்டு மாதம் தோளிலேயே சுமந்திருக்கிறார். வலது கை விரல்கள் மரத்துப்போய், இரவில் டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லையாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 34-ஆவது பிரிவில், காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குப் பாரம் சுமக்க வைக்கக் கூடாது என்றது. ஆறு கிலோவைப் பாரம் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? மணிக்கணக்கில் தவறான இடத்தில் தொங்கினால் அதுவும் பாரம்தான்.

பை நிறைந்தால் உறிஞ்சும் வேகம் குறையும், மோட்டார் சூடேறும், அந்தச் சூடு முதுகில் தெரியும். அதனால் பாதி நிறைந்ததுமே மாற்றுகிறார்கள். வயர் எப்போதும் பின்னால் கிடக்க வேண்டும். ஈரத்தையும் அலுமினியத் தூளையும் இந்த மிஷின் தொடக் கூடாது. அந்தத் தூள் தீப்பற்றும், அதற்கென்று தனி மிஷின் உண்டு.

கையில் பிடித்துத் தள்ளும் மின்சார வேக்குவத்துக்கு 1908-இல் காப்புரிமை வாங்கிய ஜேம்ஸ் ஸ்பாங்ளர், அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்தவர். பெருக்கும் தூசி அவருடைய ஆஸ்துமாவைக் கிளறியதால், மின்விசிறி மோட்டாரையும் தலையணை உறையையும் வைத்துச் செய்து பார்த்தார். துடைப்பம் பிடித்த கையிலிருந்து வந்த கருவி அது. இன்று அதைச் சுமப்பவர்களிடம் பட்டை எங்கே உறுத்துகிறது என்று கேட்பதற்குக்கூட ஆளில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஒரே மிஷினை மூன்று ஷிப்டிலும் மாட்டுகிறார்கள். உயரமானவர் நீட்டிய பட்டை, குள்ளமானவருக்கு இடுப்புக்குக் கீழே போய்விடும். சரிசெய்ய இரண்டு நிமிடம் வேண்டும். ஷிப்ட் மாறும் நேரத்தில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை.

கிளம்பும் முன் பட்டையைத் திருப்பிக் காட்டினார் அக்கா. பக்கிள் நிற்க வேண்டிய இடங்களில் நூல் தைத்திருந்தது. சிவப்பு அவருடையது. மஞ்சள் மதிய ஷிப்ட் பெண்ணுடையது. இரவு ஷிப்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்குப் பச்சை நூல் கொண்டுவந்திருந்தார், ஊசி துப்பட்டா முனையில் குத்தியிருந்தது.