இரண்டாவது கோடு

தாத்தாவின் தகரப் பெட்டியின் அடியில் கிடந்த பழைய நாளிதழ்த் தாள்களை, பெட்டிக்கு விரித்த காகிதம் என்றுதான் முதலில் நினைத்தேன். எடுத்து விரித்தபோது அச்செழுத்துகளுக்கு மேலே பென்சிலால் வரைந்த ஒரு பாதம் தெரிந்தது. வலது கால். உள்ளங்கால் குழிவில் ஒரு பெயர். அடுத்த தாளில் இன்னொரு பாதம், இன்னொரு பெயர். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு தாள்கள். ஒவ்வொரு பாதத்தையும் சுற்றி இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று காலை ஒட்டி, மற்றது சற்று விலகி. "கை நடுக்கம், முதல் கோடு சரியாக விழாததால் மறுபடி வரைந்திருக்கிறார்" என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அந்தக் குறிப்பை அடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

தாத்தா வடசென்னையில் ஓர் ஆலையின் டைம் ஆபீஸில் எழுத்தர். யார் எந்த ஷிப்ட், யார் வந்தார், யார் வரவில்லை என்று பேரேட்டில் பதிவது அவர் வேலை. மாலை ஐந்து மணிக்கு மேல் ஆலையின் கால்பந்து அணிக்கு அவர்தான் எல்லாம். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் அணியைத் தேர்ந்து ஆட வைப்பவர். நம் ஊரில் பயிற்சி தருபவர் கோச், ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுக் கணக்கும் பார்ப்பவர் மேனேஜர். தாத்தா இரண்டையும் சம்பளமில்லாமல் செய்தார். ஆட்டக்காரர்கள் அவரை வாத்தியார் என்றே அழைத்தார்கள். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். இருபது வருடமாக மற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிக் கொடுப்பதே என் தொழில். அவருடையதை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்த வேலை எவ்வளவு கடினமானது என்று தெரிந்தது.

மைதானத்தில் பந்தைத் தொடாதவரைப் பற்றி எழுதுவதில் உள்ள முதல் தடை, அவர் பெயர் எங்கும் இருக்காது என்பதுதான். சைமன் சுந்தரராஜை எடுத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவராகச் சொல்லப்படும் தமிழர் அவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் என்பதால் இன்றும் அதைச் சொல்கிறோம். 1973-இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளரும் அவர்தான். ரயில்வே அணியை 3-2 என்று வென்ற அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், மூன்று கோலையும் அடித்த கேப்டன் மணியின் பெயர்தான் முதலில் வரும். அது நியாயம்தான். ஆனால் ஒரே மனிதர் அடித்த ஒரு கோல் நினைவில் நிற்கிறது, அவர் உருவாக்கிய ஓர் அணி பின்னால் போய்விடுகிறது. ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியாவை நான்காம் இடத்துக்கும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்துக்கும் கொண்டுபோனார். மறு வருடமே புற்றுநோயில் இறந்தார். அவரைப் பற்றி 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது 2024-இல். ரஹீமுக்கே இந்த நிலை என்றால் ஓர் ஆலை அணியின் வாத்தியாருக்கு எங்கே தேடுவது?

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் தொடங்கினேன். 1896-இல் திறந்த நூலகம். நாட்டில் அச்சாகும் நூல்களின் படிகள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் லீக் ஆட்டச் செய்திகள் இருந்தன, பயிற்சியாளர் பெயர் மட்டும் இல்லை. முதல் மூன்று வாரம் வெறுங்கையோடுதான் திரும்பினேன். நான்காவது வாரம் செய்தியின் கடைசி வரியைப் பார்த்தேன். இரு அணிகளின் பதினோரு பெயர்களும் அங்கே இருந்தன. கோல்கீப்பர் முதலில், பிறகு இரண்டு பேக், மூன்று ஹாஃப், ஐந்து ஃபார்வர்ட். ஒவ்வொரு ஆட்டத்தின் பதினோரு பெயர்களையும் வரிசை மாறாமல் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கட்டத்தில்தான் தாத்தா தென்பட ஆரம்பித்தார். ஆகஸ்டில் இடது ஓரம் ஆடிய பையன் செப்டம்பரில் லெஃப்ட் ஹாஃபாக இருக்கிறான். ஒருவன் இரண்டு ஆட்டம் காணாமல் போய், மூன்றாவதில் அதே இடத்துக்குத் திரும்புகிறான். ஒரு பட்டியலுக்கும் அடுத்த பட்டியலுக்கும் நடுவில் ஏற்பட்ட மாற்றத்தை யாரோ ஒருவர் யோசித்து முடிவு செய்திருக்கிறார். இன்றைய ஆட்டத்தில் பயிற்சியாளர் நடுவில் ஆள் மாற்றலாம். உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் மாற்று ஆட்டக்காரரை அனுமதித்ததே 1970-இல்தான். தாத்தா காலத்தில் விசில் ஊதிய பிறகு வாத்தியார் செய்ய ஒன்றுமில்லை. அந்தப் பதினோரு பெயரில்தான் அவருடைய அதிகாரம் முழுவதும் இருந்தது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அவர் மனதைக் கொஞ்சம் படித்த மாதிரி.

படிக்கும்போது நம் காலத்துக் கடிகாரத்தைக் கழற்றி வைக்க வேண்டும். அப்போது நம் உள்ளூர் ஆட்டங்கள் பாதிக்கு முப்பத்தைந்து நிமிடமாக, மொத்தம் எழுபது நிமிடம்தான். கடைசிப் பத்து நிமிடத்தில் அணி தளர்ந்தது என்று செய்தி சொன்னால் அது எண்பதாவது நிமிடத்தைக் குறிக்காது, அறுபதாவது நிமிடத்தைக் குறிக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் தாத்தாவின் ஆட்கள் நன்றாக மூச்சுப் பிடித்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதி, பிறகு கிழித்தேன்.

தேதி கண்டுபிடிப்பது தனி வேலை. அவர் அணி பதிவாகியிருந்த ஒரு சங்கத்தில் பழைய கோப்புகள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. பெட்டியில் இருந்த கணக்கு நோட்டில் மாதம் உண்டு, வருடம் கிடையாது. ஆனால் முன்பாதியில் எலுமிச்சம்பழம் இரண்டணா, சவுக்காரம் ஆறணா என்று இருக்கிறது. நடுவில் ஒரு பக்கத்திலிருந்து நயா பைசா வருகிறது. புதிய நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1957 ஏப்ரலில். மக்கள் அணா என்று சொல்வதை உடனே விட்டுவிடவில்லை. என்றாலும் டைம் ஆபீஸ் எழுத்தர் ஒருவர் கணக்கில் பழைய அலகை நெடுநாள் இழுத்திருக்க மாட்டார். அந்தப் பக்கத்தை ஓர் ஆணியாக அடித்துக்கொண்டு முன்னும் பின்னும் மாதங்களைக் கோத்தேன்.

பாதம் வரைந்த தாள்களில் ஒன்றில் காமராஜர் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற செய்தி இருந்தது. அது 1954 ஏப்ரல். உடனே 1954 என்று எழுதக் கை பரபரத்தது. எழுதக் கூடாது. பழைய பேப்பரை வருடக்கணக்கில் அடுக்கி வைக்கிற வீடு எங்கள் வீடு. அந்தத் தாள் சொல்வதெல்லாம், பாதம் அதற்கு முன்னால் வரையப்படவில்லை என்பது மட்டுமே. பாதங்களை வரைந்த காரணம் ஓரளவு புரிந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதன்பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. பெரியமேட்டில் தைக்கக் கொடுப்பதற்காக எடுத்த கால் அளவுகள் இவை என்று ஊகித்தேன். அந்த இரண்டாவது கோட்டைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

நோட்டுகளைவிட மனிதர்களிடம் போவதற்குத்தான் நான் தயங்கினேன். பேத்தி என்று போய் நின்றால் நல்லதை மட்டுமே சொல்வார்கள். அவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தப்பாக வரும். "கிரவுண்டுக்கு டிராமில் போனீர்களா, பஸ்ஸிலா?" என்று கேட்க வேண்டும். சென்னையில் டிராம் நின்றது 1953-இல். "அப்போது கல்யாணம் ஆகிவிட்டதா?" "வெறுங்காலா, பூட்ஸா?" என்று கேட்டால் கண்ணை மூடி யோசிப்பார்கள், சரியாகச் சொல்வார்கள். உடம்பும் வழியும் குடும்பமும் நினைவிருக்கும் அளவுக்கு யாருக்கும் வருட எண் நினைவிருப்பதில்லை.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அணியின் மிகச் சிறந்த சென்டர் ஃபார்வர்டு பயிற்சிக்குத் தாமதமாக வந்தான் என்பதற்காக ஒரு முக்கியமான ஆட்டத்தில் தாத்தா அவனை உட்கார வைத்தாராம். அணி தோற்றது. "தோத்தாலும் ஒழுக்கம் முக்கியம்னாரு" என்று அப்பா பெருமையோடு முடிப்பார். நான் இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள். நேரம் தவறக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு வந்ததே இதில்தான்.

கட்டத்தில் அந்த ஆட்டம் கிடைத்தது. ஃபார்வர்டு பெயர் இல்லை, தோல்வியும் உண்மை. தாத்தாவின் நோட்டில் அந்த வாரத்தைப் பார்த்தேன். பெயர்களுக்கு எதிரே ஆங்காங்கே சின்னதாக 'இ' என்ற எழுத்து. இடது என்று நினைத்தேன், பொருந்தவில்லை. கோல்கீப்பருக்கும் 'இ' இருந்தது. பல பக்கங்களைப் புரட்டிய பிறகு, அந்த எழுத்து வாரம் தவறி வாரம் ஆட்களின் மீது சுற்றி வருவதைக் கவனித்தேன். ஷிப்ட் அப்படித்தான் சுற்றும். 'இ' என்றால் இரவு. டைம் ஆபீஸ் பேரேட்டிலிருந்து அவர் தினமும் தன் நோட்டுக்கு எடுத்து எழுதியிருக்கிறார். அந்த ஃபார்வர்டின் பெயருக்கு எதிரே, ஆட்டத்துக்கு முந்தைய மூன்று நாளும் 'இ'.

அந்த அணியில் ரைட் ஹாஃபாக ஆடிய பெரியவரை வியாசர்பாடியில் அவர் மகள் வீட்டில் பார்த்தேன். வயது எண்பத்தாறு. "வாம்மா, வாத்தியார் பேத்தியா நீ? அவரு நெத்தி அப்படியே இருக்குது உனக்கு" என்றார். பேச்சு பொங்கல் கதைக்கு வந்தது. தலையை ஆட்டினார்.

"அவன் லேட்டா வரலம்மா. மூணு நாளா நைட்டு. பகல்ல ஆஸ்பத்திரி, வீட்ல பிரசவம். கண்ணு ரெண்டும் செவந்து வந்து நிக்கிறான். வாத்தியாரு ஒண்ணும் கேக்கல. தன் வீட்டுத் திண்ணையில பாய் போட்டு, படுறான்னாரு."

"அப்புறம் ஏன் லேட்டா வந்தான்னு சொன்னார்?"

"கமிட்டிக்கு அப்படித்தான் சொல்லணும். ஒடம்பு தாங்கலன்னா அடுத்த வருஷம் டீம்ல இருந்தே எடுத்துருவாங்க. பந்துக்காகத்தான வேலை, வேலையும் போயிடும். லேட்டுன்னு சொன்னா ஒரு மேட்ச்சோட போச்சு."

வெகு நேரம் என்னால் அடுத்த கேள்வி கேட்க முடியவில்லை. நான் பெருமையோடு சுமந்து வந்த தாத்தா ஒரு நிமிடத்தில் வேறு ஆளாகிவிட்டார், அதைவிடப் பெரிய ஆளாக. ஆனாலும் எழுத உட்காரும்போது என் தொழில் என்னைக் கட்டிப் போடுகிறது. மூன்று இரவு ஷிப்ட் என்பதற்கு நோட்டு சாட்சி. காரணத்துக்கு ஒருவர் மட்டுமே சாட்சி, அதுவும் அறுபது வருடத்துக்கு மேல் கழித்து. அதனால் புத்தகத்தில் மூன்றையும் வைத்திருக்கிறேன். வீட்டில் சொன்ன கதை, நோட்டில் இருந்த எழுத்து, பெரியவர் சொன்ன காரணம். எது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை. பாசம் இருக்கிறது என்பதற்காக ஒரு சாட்சியை இரண்டாக எண்ணக் கூடாது.

பாட்டியைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஆட்டம் முடிந்த ராத்திரியே பதினோரு பனியன்களையும் பாட்டி ஊறப் போட்டுவிடுவாளாம். மறுநாள் நீலம் போட்டு மொட்டை மாடியில் காய வைப்பாளாம். கணக்கு நோட்டில் வந்துகொண்டே இருந்த சவுக்காரம் ஆறணா யாருடைய உழைப்பு என்று அப்போதுதான் உறைத்தது. மேனேஜர் என்று ஒருவரை எழுதும்போது அந்த வேலையில் பாதி வேறொருவர் கையில் இருந்ததையும் எழுத வேண்டும். பாட்டிக்கு என்று தனி அத்தியாயம் எழுதியிருக்கிறேன்.

கிளம்பும் முன் பையிலிருந்து அவர் பெயர் எழுதிய தாளை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகளைக் கூப்பிட்டுத் தரையில் விரிக்கச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடி செருப்பைக் கழற்றி வலது காலை அந்தக் கோட்டுக்குள் வைத்தார். கால் வீங்கியிருந்தது, குதிகால் வெடித்திருந்தது. ஆனால் விரல்கள் இன்னமும் விசிறி போல விரிந்தே இருந்தன. உள்கோட்டைத் தாண்டின, வெளிக்கோட்டுக்குள் அடங்கின.

"ரெண்டு கோடு எதுக்குன்னு தெரியுமா? நாங்க பொறந்ததுலேர்ந்து வெறுங்கால்ல ஆடுனவங்கம்மா. வெரல் இப்படித்தான் பரந்து கெடக்கும். அளவுக்குத் தச்சா பூட்ஸு கடிக்கும், பசங்க கழட்டி எறிஞ்சிருவானுங்க. அதான் வாத்தியாரு வெரல் பக்கம் மட்டும் ரெண்டு நூலு விட்டு இன்னொரு கோடு போடுவாரு. கடைக்காரன்கிட்ட வெளிக்கோட்டுக்குத்தான் தைக்கணும்னு நின்னு சொல்லிட்டு வருவாரு."

அன்று இரவு பதினான்கு தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கை நடுக்கம் என்றால் கோடு எல்லா இடத்திலும் பிசகியிருக்க வேண்டும். ஒரு தாளிலும் அப்படி இல்லை. குதிகாலில் இரண்டு கோடும் ஒன்றாகவே ஓடுகின்றன, பாதத்தின் நடுவிலிருந்து மெல்லப் பிரிகின்றன, பெருவிரலுக்கு வெளியே சரியாக இரண்டு நூல் இடம் விட்டுச் சுற்றி வருகின்றன.