ஆண் இல்லாமல் பெயர் இல்லை

முட்டை ஒட்டுண்ணி அட்டை வாங்க வருகிறவர்களில் பலர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "ஏனுங்க, கசகசாவைக் கருக்கி ஒட்டுனாப்பல இருக்குது, இதுவா பூச்சி?" என்று கேட்பார்கள். அந்தக் கறுப்புதான் எனக்கு முதல் அடையாளம். அட்டையில் ஒட்டியிருக்கும் கார்சைரா அந்துப்பூச்சியின் முட்டை வெள்ளையாக இருக்கும். பயிர்ப்பூச்சிகளின் முட்டைகளை அழிக்கும் ட்ரைக்கோகிரம்மா குளவி அதற்குள் முட்டையிட்டால் மூன்று நான்கு நாளில் கறுத்துவிடும். உள்ளே ட்ரைக்கோகிரம்மா வளர்கிறது என்பதற்கு அது சாட்சி. எந்த ட்ரைக்கோகிரம்மா என்பதற்கு அது சாட்சி அல்ல.

கரும்பு இடைக்கணுப் புழுவுக்கும் நெல் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் கைலோனிஸ், நெல் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் என்று இரண்டு இனங்களை வளர்க்கிறோம். இரண்டும் அரை மில்லிமீட்டர்தான், இரண்டுக்கும் தீனி அதே கார்சைரா முட்டைதான். ஒன்றின் சாடிக்குள் மற்றது நுழைந்துவிட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஜப்பானிகம் கறுப்பு, கைலோனிஸ் மஞ்சள் என்று சிலர் நிறத்தை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் குளிரில் வளர்ந்த கைலோனிஸும் கறுத்துத்தான் வெளியே வரும். நிறத்தை நான் நம்புவதில்லை.

நுண்ணோக்கியில் வைத்தால் குடும்பம் சட்டென்று பிடிபடும். பாதத்தில் மூன்றே கணுக்கள், இறக்கையில் வரிசை பிடித்த மயிர்கள். உணர்கொம்பில் நீள மயிர் சிலிர்த்து நின்றால் ஆண், நுனி குண்டாக இருந்தால் பெண். அதற்கு மேல் இனம் சொல்ல வேண்டுமானால் ஆண்தான் வேண்டும், அதுவும் அதன் பிறப்புறுப்பு.

ஆணைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. அட்டையிலிருந்து முதலில் வெளிவருவது பெரும்பாலும் ஆண்கள்தான். வந்ததும் பறந்துபோகாமல், பின்னால் வரப்போகும் பெண்களுக்காக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஈரத் தூரிகை நுனியால் தொட்டு எடுத்து 70 சத ஆல்கஹாலில் போட்டுவிடுவேன். பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தால் உள்ளே இருக்கும் சதை கரைந்து உடல் கண்ணாடிபோல் தெளியும். அதை ஹோயர் கலவையில் பதிக்க வேண்டும். அராபிக் கோந்து, குளோரல் ஹைட்ரேட், கிளிசரின், தண்ணீர் சேர்ந்தது அது. மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், காய்ந்த பிறகு கண்ணாடியின் விளிம்பை நகப்பூச்சால் அடைத்துவிடுவேன்.

உடலை முதுகு மேலே இருக்கும்படி கிடத்துவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் வடிவம் பொய் சொல்லும். உறுப்பின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 400 மடங்கில் பார்க்கும்போது, முதுகுப் பக்கம் முக்கோணத் தகடு ஒன்று தெரிந்து, அதன் இரு பக்கமும் வளைந்த மடல்கள் தெளிவாக இருந்தால் கைலோனிஸ். அது கண்ணில் பட்டதும் பதிவேட்டில் பெயரை எழுதிவிடலாம்.

இந்த உறுப்பைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெங்களூரில் வேலை செய்த சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும். நிறத்தையும் மயிரையும் நம்பி உலகமே குழம்பிக் கிடந்தபோது, ஆணின் பிறப்புறுப்பே உறுதியான அடையாளம் என்று 1971-இல் விளக்கப் படங்களோடு எழுதினார்கள். இனங்களைக் கலந்து வளர்த்து, குஞ்சு பிறக்கிறதா என்றும் சோதித்தார்கள். நம் கரும்புக் குளவி வெகுகாலம் ஆஸ்ட்ராலிகம் என்ற பெயரில் உலாவியது. பிறகு கன்ஃப்யூசம் ஆனது. கடைசியில், ஜப்பானிலிருந்து இஷீ என்பவர் 1941-இல் விவரித்த கைலோனிஸ்தான் இது என்று முடிவானது. பழைய கட்டுரைகளைப் படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆண் எங்கிருந்து வருகிறது என்பதும் வேடிக்கைதான். கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும். தாய்க்குளவி அந்துப்பூச்சி முட்டையின் மேல் ஏறி, உணர்கொம்பால் தட்டித் தட்டி நடந்து அளவெடுக்கும். முட்டை பெரிதென்றால் கூடுதலாக இடும், சிறிதென்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். துளையிடுவதை நுண்ணோக்கியில் பார்க்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். சில ட்ரைக்கோகிரம்மாக்களின் உடலில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கும். அந்த வம்சத்தில் கருவுறாத முட்டையும் பெண்ணாகவே பிறக்கும், ஆணே இருக்காது. அங்கே என் கண்ணாடித் தகடுகளுக்கு வேலையில்லை. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து ஆணை வரவழைக்க வேண்டும், இல்லையென்றால் மரபணுவைப் படிக்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். கரும்புக்கு நான்காம் மாதத்திலிருந்து 15 நாளைக்கு ஒருமுறை, எக்டேருக்கு 2.5 சிசி (கன சென்டிமீட்டர்) முட்டை வீதம் ஆறு தடவை அட்டை கட்டச் சொல்கிறோம். ஒரு சிசியில் ஏறக்குறைய 18,000 முட்டை இருக்கும். அத்தனையும் வேறு இனமாக இருந்தால் விவசாயி போட்ட பணம் வீண். புழு குறையாதபோது பழி அட்டையின் மேல் விழும், அடுத்த போகத்தில் அவர் மருந்துக்கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே அட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேதியை மட்டும் பார்க்காதீர்கள். "இந்த வளர்ப்பை ஆணை வைத்துக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் வாங்காதீர்கள்.